தரவுத்தளமும் தலைச்சாவியும்

தென்காசிக் கடைவீதியில் புதிதாகக் கடை திறப்பவர், சரக்கு இறக்குவதற்கு முன்னரே பூட்டு வாங்கிவிடுகிறார். கணிப்பொறியில் கடை திறப்போருள் பலர், சரக்கை நிரப்பிய பின்னும் பூட்டை மறந்துவிடுகின்றனர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் சோகோ நிறுவனம் அலுவலகம் அமைத்தது. அதன்பின் குற்றாலச் சாரல் வீசும் சிற்றூரிலிருந்தே உலகுக்கான மென்பொருள் எழுதப்படுகிறது. அத்துறையை நாடும் நம் மாணவர்கள் முதற்கண் கற்க வேண்டிய பாடம் இப்பூட்டைப் பற்றியதே எனலாம்.

தரவுத்தளம் என்பது செய்திகளை வகைப்படுத்திச் சேர்த்து வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் களஞ்சியமாகும். மாணவர் மதிப்பெண், நூலகப் பட்டியல், வங்கிக் கணக்கு யாவும் இத்தகைய களஞ்சியங்களிலேயே உறைகின்றன. 1995-இல் தோன்றிய மைஎஸ்க்யூஎல் இவற்றுள் பெயர்பெற்றது. அதனை நிறுவியதும் ‘ரூட்’ என்னும் நிர்வாகிக் கணக்கு உருவாகிறது. ‘வேர்’ எனப் பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே. எதையும் படிக்கவும், திருத்தவும், அடியோடு அழிக்கவும் அக்கணக்கிற்கு உரிமை உண்டு.

பழைய பதிப்புகளில் இக்கணக்கு பெரும்பாலும் கடவுச்சொல் இன்றியே பிறந்தது. 2015-இல் வந்த 5.7 பதிப்பு இந்நிலையை மாற்றியது. வழக்கமான நிறுவல் முறையில் அது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைத் தானே ஆக்கி, பிழைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைக் கொண்டு நுழைபவர், ‘ஆல்டர் யூசர்’ என்னும் கட்டளையால் புதிய கடவுச்சொல்லை அமைத்தாலன்றி வேறு பணி எதுவும் செய்ய இயலாது. பூட்டாதவனைக் கடைக்குள் விடாத காவலாளி போன்றது இவ்வேற்பாடு.

பூட்டாமையின் விளைவு யாது? 2017 சனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களைக் கயவர்கள் அழித்துவிட்டுப் பணயத்தொகை கேட்டனர். 2019 சனவரியில், பாரத ஸ்டேட் வங்கியின் ‘குயிக்’ சேவைக்குரிய மும்பை வழங்கி ஒன்று கடவுச்சொல் இன்றி இருந்ததை டெக்கிரஞ்ச் இதழ் வெளிப்படுத்தியது. மிஸ்டு கால் கொடுத்து இருப்புத்தொகை அறியும் சேவை அது. வாடிக்கையாளர்க்குச் சென்ற குறுஞ்செய்திகளை அயலாரும் காணும் நிலை இருந்தது. பின்னரே அது பூட்டப்பட்டது.

கடவுச்சொல் அமைத்தால் மட்டும் போதுமா? போதாது. அலுவலகம் ஒன்றில் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கக் கண்டோம். பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எனவே கடவுச்சொல் நீண்டதாக, வேறெங்கும் பயன்படாததாக இருத்தல் வேண்டும். வெளியூரிலிருந்து நிர்வாகிக் கணக்கில் நுழையும் வழியை அடைத்தல் வேண்டும். பெயரற்ற பயனர் கணக்குகளை நீக்குதல் வேண்டும். அன்றாடப் பணிக்கு அளவான உரிமையுடைய தனிக்கணக்கே தகும். பொறுப்பாளர் மாறும் நாளில் கடவுச்சொல்லும் மாறல் வேண்டும்.

களஞ்சியத்தில் இருப்பவை நம்முடையவை அல்ல. நம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காப்பதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்களைச் செலவிடத் தயங்கலாமா?