பிளாட்பாரத்துல ஒரு பைண்டு புத்தகம் கிடைச்சா…

ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் போயிருக்கீங்களா? பழைய பேரு பைகிராப்ட்ஸ் ரோடு. பாதிக் கடைக்கு லீவு. மூடின ஷட்டருக்கு முன்னாடி பிளாட்பாரத்துல புத்தகம் பரப்பியிருப்பாங்க. முன்வரிசையில எப்பவும் நீட் கைடு, இன்ஜினியரிங் புத்தகம், சிட்னி ஷெல்டன். காசு அதுலதான் வரும், அதனால அதுக்கு அந்த இடம். நான் அதைத் தாண்டிப் போயிடுவேன். நான் தேடுறது அடியில கிடக்குற, முதுகுல பேர்கூட இல்லாத, தடியான காலிகோ பைண்டு.

அது என்னன்னு சொல்லிடறேன். ஒரு காலத்துல வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையை வாராவாரம் பிரிச்சு எடுத்து வைப்பாங்க. கதை முடிஞ்சதும் பைண்டரிடம் கொடுத்து ஒரே புத்தகமா தைச்சு வாங்கிப்பாங்க. நிறைய வீடுகள்ல இது ஒரு வழக்கம். அப்புறம் அது பக்கத்து வீடு, சித்தி வீடுன்னு சுத்தும்.

'பொன்னியின் செல்வன்' 1950-லேர்ந்து 1954 வரைக்கும் கல்கியில தொடரா வந்தது. இன்னிக்கு அதை இணையத்துல இலவசமாவே படிக்கலாம். அப்புறம் எதுக்கு அந்தப் பழைய பைண்டு? மணியம் அந்தந்த வாரத்துக்கு வரைஞ்ச படம் அதுல இருக்கும். மலிவுப் பதிப்பு பலதுல படமே கிடையாது. கொத்தமங்கலம் சுப்புவோட 'தில்லானா மோகனாம்பாள்' விகடன்ல வந்தப்போ கோபுலு வரைஞ்ச படங்களும் அப்படித்தான். கதையோட பின்பக்கத்துல தலைவலி மாத்திரை விளம்பரம், அரைப் பக்கத்துக்கு ஒரு ஜோக்னு கூடவே ஒட்டிக்கிட்டு வர்றது எனக்கு கதை அளவுக்கே பிடிக்கும். இதெல்லாம் பிரபலமான பேருங்க. புத்தகமாவே வராம போன தொடர்கள் எத்தனையோ இருக்கு. அதுக்கெல்லாம் யாரோ வீட்டுல தைச்சு வச்ச பைண்டுதான் புத்தகம்.

சரி, ஒண்ணு கையில கிடைச்சிடுச்சு. எந்த வருஷத்துது? தேதி இருக்குற அட்டையை அப்பவே எடுத்துட்டிருப்பாங்க. அதனால விளம்பரங்களைப் பாருங்க. விலை அணாவுல இருந்தா 1957-க்கு முன்னாடின்னு வச்சுக்கலாம். அந்த ஏப்ரல்லதான் ரூபாய்க்கு நூறு பைசா கணக்கு வந்தது. 'ந.பை.'ன்னு போட்டிருந்தா நயா பைசா. அந்தப் பேரு 1964 வரைக்கும்தான். முகவரி 'சென்னை-17'னு முடிஞ்சா 1972-க்கு முந்தினதா இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு இலக்க பின்கோடு அந்த ஆகஸ்ட்லதான் வந்தது.

அப்புறம் எழுத்து. 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சிருந்தா, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சு. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க. பழைய அச்சை அதுக்கப்புறமும் ஓட்டினவங்க உண்டு. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ஓரளவு காலம் பிடிபடும். அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நான் போறேன்.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அத்தியாய நம்பரை வரிசையா புரட்டுங்க. நடுவுல ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். கடைசி அத்தியாயம் இல்லாததும் உண்டு. நான் அப்பவும் வாங்குவேன், உங்க பொறுமை எப்படின்னு தெரியாது. விலை கேக்கும்போது கண்ணு அகலக் கூடாது. வேற ரெண்டு புத்தகத்தோட சேர்த்து, "அண்ணே, மூணும் எவ்ளோ?"ன்னு கேளுங்க. ரொம்பவும் அடிச்சுப் பேசாதீங்க. அவர் இதை எடுத்து வைக்காம போயிருந்தா, பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல போய்ச் சேர்ந்திருக்கும்.

மிகைப்படுத்திச் சொல்லல. பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985 மே மாசம் எரிஞ்சது. அதுல போனதுக்குக் கணக்கே இல்ல. இன்னொரு பக்கம், கோட்டையூர்ல சைன்போர்டு எழுதிக்கிட்டிருந்த ரோஜா முத்தையா தன் போக்குல புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு சேர்த்துக்கிட்டே இருந்தார். 1992-ல அவர் இறந்தப்போ சுமார் ஒரு லட்சம் இருந்துச்சு. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கினது; சென்னையில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுலேர்ந்து உருவானதுதான். தமிழ் அச்சு வரலாறு பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இப்ப அங்கதான் போய் நிக்கிறாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு விஷயம். பத்திரிகைத் தாள்ல அமிலம் அதிகம், வருஷம் ஆக ஆக பழுப்பாகி அப்பளம் மாதிரி நொறுங்கும். செலோடேப் போட்டு ஒட்டாதீங்க, அந்தப் பசையே தாளைக் கெடுக்கும். ஜெராக்ஸ் மெஷின்ல கவுத்து அழுத்தினா முதுகு உடைஞ்சிடும். பாதி திறந்தபடி வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல மொபைல்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்தாலே போதும். அப்படி எடுக்கும்போது முதல் பக்கத்தை விட்டுடாதீங்க. பேனாவுல ஒரு பேரு, ஒரு தெரு, கீழே 'படித்ததும் திருப்பித் தரவும்'னு எழுதியிருக்கும்.