'பம்பிங் நார்மல்'... அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

திருமயம் கோட்டைக்கு அம்மா, அப்பாவோடு போயிருக்கீங்களா? உச்சியில் இருக்கும் பீரங்கிகிட்ட நின்னு செல்ஃபி எடுக்க நீங்க தாவித் தாவி ஏறுவீங்க. "நீ போப்பா, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று அம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். 'வயசாகிடுச்சு' என்று நாமும் விட்டுவிடுவோம்.

சிலருக்குக் காரணம் வயசு மட்டுமில்லை. ரத்தத்தை வெளியே தள்ளிய இதயம், அடுத்த துடிப்புக்குள் தளர்ந்து, ரத்தத்தை உள்ளே வாங்கணும். பல வருட பி.பி., சர்க்கரை நோய், உடல் பருமனால் இதயத் தசை விறைத்துப்போனால் இந்தத் தளர்வு சரியா நடக்காது. அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். படி ஏறினா மூச்சு வாங்கும். ஆனா, எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60%, நார்மல்' என்றே இருக்கலாம். காரணம், அது தள்ளும் திறனைச் சொல்லும் எண்.

தளர்வை எப்படி அளப்பாங்க? அதே எக்கோவில்தான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பாங்க. 1953-ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் தேடும் கருவியைக் கடன் வாங்கித் தொடங்கிய வித்தை இது!

டாப்ளர் முறையில் ரத்தம் உள்ளே வரும் வேகம் இரண்டு அலைகளாகத் தெரியும். இதயம் தளர்ந்ததும் பாய்வது 'இ' அலை. கடைசியில் மேலறை சுருங்கித் தள்ளுவது 'ஏ' அலை. இளமையில் 'இ' பெரிசு. தளர்வு குறைந்தால் 'ஏ' முந்திக்கொள்ளும். பாதிப்பு கூடி, மேலறையில் அழுத்தம் ஏறினால், 'இ' திரும்பவும் பெரிசாகி நார்மல் மாதிரியே ஏமாத்தும்.

அதனால், வால்வு வளையம் அசையும் வேகத்தையும் அளந்து, 'இ' அலையின் வேகத்தை அதனால் வகுப்பாங்க. சராசரி 14-க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்கலாம். இடது மேலறை வீங்கியிருக்கா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார்.

ரிப்போர்ட்டில் 'கிரேடு 1' என்று பார்த்ததும் பதறாதீங்க. வயதானவர்களில் பலருக்கு இது இருக்கும். பி.பி., சுகர், எடை மூன்றையும் கட்டுக்குள் வையுங்க. ஆனா, படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் இருந்தா தள்ளிப்போடாம டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. "பம்பிங் ஓகே, தளர்வு எப்படியிருக்கு?" என்று மறக்காமக் கேளுங்க.