சுடுவதா, தள்ளுவதா?

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் நாம் வெர்னியர் காலிப்பர் என்று கையில் பிடித்த கருவிக்கு டென்மார்க்கில் ‘ஸ்க்யூதலேர’ என்று பெயர். அகராதியைப் புரட்டி, சொல்லை இரண்டாக உடைத்துப் பார்த்தால் திடுக்கிடும்: ‘ஸ்க்யூத’ என்றால் சுடுதல், ‘லேர’ என்றால் கற்பித்தல். சுடக் கற்றுக்கொடுப்பதற்கும் இரும்புத் தாடைக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமில்லை. ‘ஸ்க்யூத’வுக்குத் தள்ளுதல் என்றும் பொருள் உண்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவின் பெயரும் அதில்தான் தொடங்குகிறது. பட்டறைக்காரர் வாயில் ‘லேர’ என்பது அளவு சரிபார்க்கும் கேஜ். ஆக, இது தள்ளி அளக்கும் கேஜ். ஜெர்மானியரின் ‘ஷீப்லேர’வும் இதே கட்டுமானம்தான்.

சுவாரசியம் ‘லேர’வில் இருக்கிறது. கற்பித்தலும் கேஜும் தற்செயலாக ஒரே ஒலியில் மாட்டிக்கொண்டவை அல்ல. பின்பற்ற வேண்டிய மாதிரி என்ற பொருளிலிருந்தே கேஜ் வந்தது. இன்னும் ஆழத்தில் இருக்கும் வேர்ச்சொல்லுக்குத் தடம் என்று பொருள். செருப்புத் தைப்பவரின் கால் அச்சை டேனிஷ்காரர்கள் ‘லெஸ்ட்’ என்கிறார்களே, அதுவும் இந்தத் தடத்தில் முளைத்ததே. தொழில் பழகும் பையனை ‘லேரில்’ இருக்கிறான் என்பார்கள். அவன் கையில் இருப்பதும் லேர.

கருவியின் நுட்பமோ நகரும் சிறு அளவுகோலில் இருக்கிறது. 9 மில்லிமீட்டரை 10 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பங்கும் 0.9 மி.மீ. நாலாவது கோடு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு நேராக நின்றால், முழு மில்லிமீட்டரோடு 0.4 சேர்த்துக்கொள்ள வேண்டும். 1631இல் இதை வெளியிட்டவர் பியேர் வெர்னியே. ஆனால் டேனிஷ்காரர்கள் அந்த அளவுகோலை ‘நோனியஸ்’ என்கிறார்கள். அது போர்த்துகீசியக் கணிதர் பெத்ரோ நூனெஸின் லத்தீன் பெயர். கால்வட்டத்தை 90, 89, 88 என வெவ்வேறு எண்ணிக்கையில் கூறுபோட்ட வளைவுகளை அடுக்கிக் கோணம் அளக்கும் யோசனையை அவர் 1542இல் சொன்னார். டென்மார்க்கின் வானியலாளர் டைக்கோ பிராகே அதைச் செய்து பார்த்தார். சிக்கல் அதிகம் என்று கைவிட்டார். உழைத்தவர் வெர்னியே, பெயர் நூனெஸுக்கு!

இன்றைய டிஜிட்டல் கருவியில் அந்தச் சிறு அளவுகோலே கிடையாது. நம் பட்டறைகளில் அதையும் ‘டிஜிட்டல் வெர்னியர்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். டேனிஷ் பெயருக்கு அந்தச் சங்கடம் இல்லை. தாடையை இன்றும் தள்ளித்தான் அளக்கிறார்கள்.