கோமியமும் வடுமாங்காயும்

தோட்டத்துக்கு வந்த இரண்டாவது வருஷம். பத்து சென்ட்டில் மிளகாய் நட்டிருந்தேன். நட்டு இருபது நாளில் செடி வெளிறித் தெரிந்தது. தழைச்சத்து போதவில்லை என்று நானே முடிவு செய்து, ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த கோமியத்தைத் தண்ணீரே கலக்காமல் செடிக்கு ஒரு குவளை வீதம் வேரடியில் ஊற்றிவிட்டேன். இயற்கைதானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன கெட்டுவிடப் போகிறது? அன்றைக்கு என் விவசாய அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் பற்றவில்லையோ என்று மண்ணைக் கிளறினால் நல்ல ஈரம். பக்கத்துத் தோட்டத்து அம்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “என்ன சார் ஊத்துனீங்க?” என்றார். சொன்னேன். “வெறும் கோமியமா? மண்ணு ஈரமாத்தான் சார் இருக்கும், செடிக்குத்தான் குடிக்க முடியாது. இன்னைக்கும் நாளைக்கும் நல்ல தண்ணிய நிறைய விடுங்க. பொழைக்கிறது பொழைக்கட்டும்.”

விட்டேன். பாதிச் செடி பிழைத்தது. முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் போட்டவனுக்கு ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கு தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்தான்.

ஈரம் இருக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை. அது எப்படி? எனக்கு இது விளங்கியது எங்கள் வீட்டு வடுமாங்காய் ஜாடியில். மாவடுவைக் கழுவித் துடைத்து, உப்பைப் போட்டுக் குலுக்கி வைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். அந்தத் தண்ணீர் மாங்காய்க்குள் இருந்துதான் வந்தது. இதற்கு நேர் எதிரானது உலர்ந்த திராட்சை. வெறும் தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பிக்கொள்ளும்.

மாங்காய், திராட்சை, மிளகாய் வேர் எல்லாமே சின்னச் சின்னச் செல்களால் ஆனவை. ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது தண்ணீரைச் சுலபமாக விடும்; உப்பு, சர்க்கரையை அப்படி விடாது. சவ்வின் ஒரு பக்கம் கரைசல் கெட்டியாகவும் மறுபக்கம் நீர்த்தும் இருந்தால், தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து கெட்டியான பக்கத்துக்குப் போகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

வேர்ச் செல்லுக்குள் உப்புகளும் சர்க்கரையும் கரைந்திருக்கின்றன. மண்ணில் இருக்கும் தண்ணீர் அதைவிட நீர்த்தது. அதனால் தண்ணீர் உள்ளே போகிறது. கோமியத்தில் யூரியா, பொட்டாஷ், சோடியம் உப்பு எல்லாம் கரைந்திருக்கின்றன. நான் அதை அப்படியே ஊற்றியதும் வெளிப்பக்கம் கெட்டியாகிவிட்டது. வேர் குடிப்பதற்குப் பதில் வேரிலிருந்தே தண்ணீர் வெளியே போயிருக்கிறது. மிளகாய்ச் செடியை நான் மாவடு ஆக்கிவிட்டேன். பழைய கோமியத்தில் கிளம்பும் அம்மோனியாவும் வேரைச் சுட்டிருக்கும். யூரியாவைத் தண்டோரம் கொட்டினால் செடி கருகும் என்று மற்றவர்களைக் கேலி பேசுகிறோமே, அதுவும் இதே கதைதான். கரைந்திருப்பது மாட்டிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது.

நம்ம இடுபொருட்களில் இதை அழகாகக் காட்டுவது வெல்லம். மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் வெல்லமும் சம எடை போடுகிறோம், தண்ணீர் சேர்ப்பதில்லை. வெல்லம் மீனிலிருந்து தண்ணீரை இழுத்துத் தேன் மாதிரி திரவமாக்கிவிடுகிறது. அழுகல் கிருமிகளுக்கும் அதே கதிதான், அவற்றின் உடம்புத் தண்ணீரும் போய்விடும். அதனால்தான் மீன் நாறி அழுகுவதில்லை. ஊறுகாயும் தேனும் கெடாமல் இருப்பதும் இப்படித்தான். அதே வெல்லத்தை ஜீவாமிர்தத்தில் 200 லிட்டருக்கு 2 கிலோ போடுகிறோம். நூற்றுக்கு ஒன்று. அங்கே அது நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. வெல்லம் கூடினால் நுண்ணுயிர் கூடும் என்று சிலர் அள்ளிப் போடுகிறார்கள். அளவு மிஞ்சினால் அது மீன் அமில வாளியாகிவிடும், ஜீவாமிர்தம் ஆகாது.

தெளிப்புக்கும் இதே கணக்குத்தான். பஞ்சகவ்யம் 100 லிட்டருக்கு 3 லிட்டர், மீன் அமிலம் 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. ஆனால் உச்சி வெயிலில் தெளித்தால் இலைமேல் இருக்கும் துளியில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், கரைந்தது அங்கேயே நிற்கும். நீங்கள் சரியாகக் கலந்த மூன்று சதவீதம் சிறிது நேரத்தில் எத்தனையோ மடங்கு கெட்டியாகிவிடும். இலை ஓரம் கருகியதும் பஞ்சகவ்யத்தைக் குறை சொல்கிறோம். காலையிலோ மாலையிலோ தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதைநெல் தேர்வுக்கு முட்டை மிதக்கும் உப்புக் கரைசல் வைக்கிறோம் அல்லவா? மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் விட்டால், ஒட்டியிருக்கும் உப்பு விதையைத் தண்ணீர் உறிஞ்ச விடாது. முளைப்பு குறையும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த அலசலைத்தான்.

சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி, ஒரு கிண்ணம் வெறும் தண்ணீரிலும் ஒரு கிண்ணம் நல்ல உப்புத் தண்ணீரிலும் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். முதலாவது விறைப்பாக நிற்கும், இரண்டாவது துணி மாதிரி மடியும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லலாம்.

போர் தண்ணீர் உப்பாக இருப்பவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. நான் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கோடையில் இ.சி. அளவு 2.4 வந்தது. சமாளிக்கலாம், ஆனால் எல்லாப் பயிருக்கும் ஆகாது. மண்ணின் உப்பளவு இதே அலகில் 1.2 தாண்டினாலே வெங்காயத்தில் மகசூல் குறையத் தொடங்கும். தக்காளி 2.5 வரை தாங்கும், பருத்தி 7.7 வரை. கோடையில் சின்ன வெங்காயம் போடும் எண்ணத்தை அன்றே மழைக்காலத்துக்குத் தள்ளி வைத்தேன். தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே ஏறுவதைக் குறைக்க மூடாக்கு போடுகிறேன்.

சொட்டு நீர் போட்டிருப்பவர்கள் ஈர வட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அங்கே ஒதுங்கிய உப்பு. லேசான சாரல் விழுந்தால் அந்த உப்பு கரைந்து வேர்ப் பக்கமே திரும்பி வரும். மழைதான் பெய்கிறதே என்று அப்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள். நல்ல மழை பிடிக்கும்வரை சொட்டு ஓடட்டும். உப்பு உள்ளே வராமல் அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.