நெல் விலையைப் பேசுகிற மேசையில் நம்ம பிள்ளை யார்?

2025-26 கொள்முதல் பருவத்துக்கு சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்ந்து 2,500 ஆகிறது. சன்ன ரகத்துக்கு 2,389-ம் 156-ம் சேர்ந்து 2,545. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றுகிற யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். இதை முடிவு செய்வது யாரு என்று கேட்டால் டெல்லி என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கிறது, மத்திய அமைச்சரவை முடிவெடுக்கிறது என்பார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் இந்த விலைக்கு மேலே ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரத்தில் உள்ள உலக வர்த்தக அமைப்பு. அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது, எப்படி அளப்பது என்று மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு வணிகக் கொள்கை, பன்னாட்டுப் பேச்சுவார்த்தை என்று பெயர். முதுகலை அளவில் சொல்லித் தருகிறார்கள். டெல்டாவில் பி.இ., நர்சிங், பி.எஸ்சி. வேளாண்மை என்று பிள்ளைகளைச் சேர்க்கிற நாம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஏன் பார்க்கணும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்து சதவீதக் கோடு

90-களின் தொடக்கத்தில் 'டங்கல் திட்டம்' என்று ஊர் ஊராகப் பேசினோமே, அதிலிருந்து பிறந்ததுதான் உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தம். 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நம்மைப் போன்ற வளரும் நாடு ஒரு பயிருக்குத் தருகிற விலை ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வளர்ந்த நாடுகளுக்கு 5 சதவீதம்தான். 'அட, நமக்குத்தானே சலுகை அதிகம்' என்று தோன்றும். ஆனால் முன்பே நிறைய மானியம் கொடுத்து வந்த நாடுகள், சதவீதக் கணக்குக்கு வெளியே ஒரு பெரிய தொகையைத் தங்கள் பேரில் எழுதி வாங்கிக்கொண்டன. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோவுக்கு மேல். நமக்கு அப்படி ஒரு ஒதுக்கீடு கிடையாது.

ஒரே நெல், இரண்டு கணக்கு

சரி, மானியத்தை எப்படி அளக்கிறார்கள்? அரசு விலையிலிருந்து ஒரு 'ஆதார விலை'யைக் கழிக்கிறார்கள். அந்த ஆதார விலை 1986-88 காலத்தின் உலகச் சந்தை விலை; அதோடு நிறுத்திவிட்டார்கள். இந்திய அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய், அன்றைய டாலரில் 262.51.

1986-87-ல் சாதா ரக நெல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 146 ரூபாய். வங்கியில் நகைக்கடன் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு பவுன் கொண்டுவந்தவரிடம் 1986 தங்க விலையைச் சொல்லி, 'அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் உனக்கு அரசாங்கம் போட்ட பிச்சை' என்றால் எப்படி இருக்கும்? இந்தக் கணக்கும் அப்படித்தான்.

ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நெல் குவிண்டால் 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று வைத்தால், அரைவைக் கூலியை விட்டுவிட்டால், அரிசி டன்னுக்குச் சுமார் 35,350 ரூபாய். இதில் 3,520-ஐக் கழித்தால் 31,830. அதாவது விலையில் 90 சதவீதம் 'மானியம்'. விளைந்த நெல் முழுவதுக்கும் இதைப் பெருக்கினால் 90 சதவீதமே நிற்கும்.

அதையே டாலரில் போடுங்கள். ஒரு டாலர் 85 ரூபாய் என்றால் அரிசி டன் 416 டாலர். 262.51 கழித்தால் 153 சொச்சம், அதாவது விலையில் 37 சதவீதம். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு வாங்குகிறது, அதற்கு மட்டும்தான் கணக்கு என்றால் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஒரே நெல், ஒரே விலை. எந்த நாணயம், எவ்வளவு நெல் என்ற இரண்டு கேள்விக்குச் சொல்கிற பதிலில் 12 ஒரு பக்கம், 90 ஒரு பக்கம். இது கற்பனை வழக்கு இல்லை. இந்தியா டாலரில், கொள்முதல் ஆன அளவுக்கு மட்டும் கணக்குக் காட்டுகிறது. 2018 மே மாதம் அமெரிக்கா, ரூபாயில், மொத்த விளைச்சலுக்கும் கணக்குப் போட்டு, இந்தியா அரிசிக்குத் தருவது 70 சதவீதத்துக்கும் மேல் என்று ஜெனீவாவில் தாக்கல் செய்தது. இந்த இரண்டு கேள்வியையும் வாதாடத் தெரிந்த ஆள் நம்ம பக்கம் இல்லையென்றால், கொள்முதல் நிலையத்தின் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும்.

ஒரு வரி காப்பாற்றிய கொள்முதல்

2012 நவம்பரில் இந்தியாவும் இந்தோனேசியாவும் இருக்கிற ஜி-33 என்ற நாடுகளின் கூட்டணி, உணவுக்காக அரசு இருப்பு வைப்பதற்கு விதியைத் திருத்துங்கள் என்று கேட்டது. 2013 டிசம்பரில் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு கிடைத்தது. வரம்பைத் தாண்டினாலும் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்பதால் அதற்கு 'சமாதான விதி' என்று பெயர். நிரந்தரத் தீர்வை 2017 மாநாட்டுக்குள் கண்டுவிடுவோம் என்றார்கள்.

காணாவிட்டால்? அங்கேதான் சந்தேகம் இருந்தது. 2014 ஜூலையில் இந்தியா, வேறொரு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்து இதைப் பேசியது. 2014 நவம்பர் 27 அன்று, நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதான விதி நீடிக்கும் என்று தெளிவாக எழுதி வாங்கினார்கள். 2017-ல் பியூனஸ் அயர்ஸ் மாநாடு இதில் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. 2024-ல் அபுதாபியிலும் அதே கதை. அந்த ஒரு வரி இருந்ததால் கொள்முதல் நிற்கவில்லை.

2018-19-ல் இந்தியாவின் அரிசி விளைச்சல் மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு சுமார் 500 கோடி டாலர். பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச் கடைசியில் இந்தியா அதை அறிவித்து, சமாதான விதியைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. அதைப் பயன்படுத்திய முதல் நாடு நாம்தான்.

ஆனால் அதே விதியில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. 2013 டிசம்பர் 7 அன்று நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. புதிதாக ஒரு கொள்முதல் திட்டம் ஆரம்பித்தால் அதற்கு இது பொருந்துமா என்ற கேள்வி வரும். கடன் பத்திரத்தில் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். உலக ஒப்பந்தத்திலும் அந்தப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது.

வேலி போட்டதற்குக் கொடுத்த விலை

இன்னொரு உதாரணம், பேச்சுவார்த்தையின் அடுத்த முகத்தைக் காட்டும். உலக வர்த்தக அமைப்புக்கு முன்பு இருந்த 'காட்' ஒப்பந்தத்தின் தொடக்க காலத்தில், அரிசிக்கு இறக்குமதி வரி பூஜ்யம் என்று இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. பஞ்சத்தைப் பார்த்த நாடு. அரிசி வந்தால் போதும் என்ற காலம். அளவுக் கட்டுப்பாடு என்ற வேறு வேலி இருந்ததால் அந்தப் பூஜ்யம் யாரையும் உறுத்தவில்லை. 1999-ல் அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்றோம். 2001 ஏப்ரல் 1-க்குள் அளவுக் கட்டுப்பாடு எல்லாம் போய்விட்டது. வேலி போனபிறகு பூஜ்ய வரியோடு வயல் திறந்து கிடந்திருக்கும்.

அதற்குள் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட வரியை மறுபடி பேசித் திருத்த 'காட்' ஒப்பந்தத்தின் 28-வது பிரிவில் வழி இருக்கிறது. 1999-2000-ல் அதைப் பயன்படுத்தி, நெல்லுக்கு 80 சதவீதம், அரிசிக்கு 70 சதவீதம் வரை வரி போடலாம் என்று மாற்றினார்கள். சும்மா கிடைக்கவில்லை. இதே பேச்சுவார்த்தையில், பால் பவுடர், மக்காச்சோளம் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவு வரை குறைந்த வரியில் உள்ளே விட ஒப்புக்கொண்டோம். மக்காச்சோளத்துக்கு அது ஆண்டுக்கு 5 லட்சம் டன் வரை, 15 சதவீத வரியில்.

அதாவது நம்ம நெல்லுக்கு வேலி கிடைத்த அதே மேசையில், பெரம்பலூர் மக்காச்சோளக்காரரின் வேலியில் ஒரு திட்டிவாசல் வைக்கப்பட்டது. எந்தப் பயிரை விட்டுக் கொடுப்பது, எதைப் பிடித்து நிறுத்துவது என்று பேசப்படும்போது, அந்தப் பயிர்க்காரரின் வாழ்க்கை தெரிந்தவர் அந்த அறையில் இருப்பது எவ்வளவு முக்கியம், பாருங்கள்.

இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

முக்கியமாக நான்கு. முதலாவது பொருளியல்: ஒரு வரி கூடினால், குறைந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கணக்கிடுவது. இரண்டாவது சட்டம்: ஒப்பந்த வாசகமும் பழைய வழக்குகளின் தீர்ப்பும். 'கொள்முதலுக்குத் தகுதியான விளைச்சல்' என்றால் வாங்கிய அளவா, வாங்கக்கூடிய அளவா என்பது 2000-ல் தென்கொரியா மாட்டிறைச்சி வழக்கில் அலசப்பட்டது. அந்தத் தீர்ப்பு நம்ம நெல் வாதத்துக்குப் பாதகமாக இருக்கிறது. மாட்டிறைச்சி வழக்கு நெல்லைத் தொடும் என்று படிக்காமல் எப்படித் தெரியும்? மூன்றாவது புள்ளிவிவரம்.

நான்காவது பேரம். மாணவர்களை நாடுகளாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் எதுவரை இறங்கலாம் என்று ஒரு ரகசியக் குறிப்பு. நடுவில் ஒரு வரைவு. ஒத்துக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். பேசிப் பேசி அந்த அடைப்பை நீக்கணும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதன் சூட்சுமம் சீக்கிரம் பிடிபடும் என்றே நினைக்கிறேன்.

எதிராளியின் நியாயத்தை அவர் வாயால் சொல்வதைவிட நன்றாகச் சொல்லப் பழக்குவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்தி. உதாரணமாக, தாய்லாந்து போன்ற நாடுகள், 'ஏழைக்கென்று வாங்கிய அரிசி உங்கள் ஏற்றுமதியில் கலந்து எங்கள் உழவர் விலையைக் கெடுக்கிறது' என்கின்றன. உலகில் அதிகம் அரிசி ஏற்றுமதி செய்கிற நாடு நாம்தான். அந்தக் கேள்விக்குக் கோஷம் பதிலாகாது. இருப்புக் கணக்கைக் காட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

எங்கே படிக்கலாம்?

டெல்லியில் 1963-ல் தொடங்கிய இந்திய அயல்வணிக நிறுவனத்தில், வணிகமும் நிதியும் சிறப்புப் பாடமாக முதுகலைப் பொருளியல் இருக்கிறது. அதே நிறுவனத்தில் 1999-ல் அமைந்த உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையமும், 2017-ல் வந்த வணிக, முதலீட்டுச் சட்ட மையமும்தான் மத்திய வணிக அமைச்சகத்துக்கு ஆய்வுக் குறிப்பும் சட்டக் குறிப்பும் எழுதித் தருகின்றன. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ், கோவை வேளாண் பல்கலையில் வேளாண் பொருளியல் துறை, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவை அடித்தளம் போட உதவும். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு, காந்திநகரில் பன்னாட்டு வணிகச் சட்டத்துக்கென்றே மாதிரி நீதிமன்றப் போட்டி நடக்கிறது. வெளிநாட்டில், பெர்ன் பல்கலைக்கழகத்தின் உலக வர்த்தகக் கல்லூரி பேர்பெற்றது. செலவு அதிகம், உதவித்தொகை இல்லாமல் யோசிக்க வேண்டாம். கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் இந்திய வர்த்தகப் பணி என்று ஒரு பிரிவு இருப்பதும் நம்ம ஊர் பயிற்சி மையங்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இயற்கை உழவருக்கு இதில் என்ன?

வேளாண்மை ஒப்பந்தத்தில் 'பச்சைப் பெட்டி' என்று ஒரு பகுதி உண்டு. அதில் அடங்குகிற செலவுக்கு வரம்பே கிடையாது. ஆராய்ச்சி, பயிற்சி, சுற்றுச்சூழல் திட்டத்தின் கீழ் தருகிற ஈட்டுத்தொகை எல்லாம் அதில் வரும். இயற்கை வேளாண்மைக்கு மாறும்போது ஆகிற கூடுதல் செலவையும் வருமான இழப்பையும் ஈடுகட்டுகிற திட்டத்தை முறையாக எழுதினால் இங்கே பொருத்தலாம். பாலி மாநாட்டில் மண்வளப் பாதுகாப்பு, வறட்சி மேலாண்மை, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றையும் இந்தப் பெட்டிக்குரியவை என்று சேர்த்தார்கள். வடிகால் தூர்வாருவதற்கு எவ்வளவு செலவழித்தாலும் ஜெனீவாவில் கேள்வி இல்லை என்று இதற்கு அர்த்தம். 'உலக ஒப்பந்தம் இருக்கு, முடியாது' என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேட்க நமக்குத் தெரியணும்.

வேளாண்மையை உலக வர்த்தக அமைப்பிலிருந்தே வெளியே எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் பல உழவர் இயக்கங்களின் நிலை. 2003-ல் கான்குன் மாநாட்டின்போது தென்கொரிய உழவர் லீ கியுங் ஹே அந்தப் போராட்டத்தில் உயிரையே விட்டார். அந்தக் கோரிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெளியே வரணும் என்றாலும் எந்த வழியாக, என்ன விலை கொடுத்து என்று பேச ஆள் வேண்டும். தெருவில் நிற்பவரும் மேசையில் உட்காருபவரும் ஒரே கணக்கை வைத்துப் பேசினால்தான் இரண்டுக்கும் பலம்.

செய்யக்கூடியவை மூன்று சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு வட்டாரக் கூட்டத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலே போட்ட 12-க்கும் 90-க்கும் உள்ள கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். இரண்டு, குறுவை, சம்பா, தாளடி மூன்றுக்கும் தனித்தனியாகச் சாகுபடிச் செலவை எழுதி வையுங்கள். நாளைக்கு வாதாடப் போகிறவருக்கு அதுதான் ஆயுதம். மூன்று, உங்கள் ஊரில் பொருளியலோ சட்டமோ வேளாண்மையோ பட்டம் முடிக்கப் போகிற பிள்ளை இருந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளை இருந்தால், இந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேற்றில் கால் வைத்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால், பேசப்படுவது டன் கணக்கு அரிசி மட்டுமில்லை, அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.