புதைபொருளும் புதைந்த இடமும்

மண்ணுள் மறைந்த பொருளைக் கண்ணால் காணவியலாது. ஆயினும் காதால் அறியலாம். கையில் ஏந்திச் செல்லத்தக்க உலோகமறி கருவி அவ்வாற்றலை மனிதனுக்கு அளித்துள்ளது. இதனைப் புதையல் தேடுவோரின் விளையாட்டுப் பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். வரலாற்று ஆராய்ச்சிக்கு இஃது உற்ற துணையாகும். முறையறியாதார் கையிற்பட்டால் அவ்வரலாற்றுக்கே பகையாகவும் ஆகும். ஒரே கருவி இவ்விரண்டும் ஆவது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

கருவி இயங்கும் முறை

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே இக்கருவிக்கு அடிப்படை. நீண்ட கோலின் அடியில் தட்டுப் போன்றதோர் உறுப்பு உண்டு. அதனுள் கம்பிச் சுருள்கள் அமைந்திருக்கும். மின்கலத்தின் துணையால் ஒரு சுருளில் திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் எழும் காந்தப் புலம் மண்ணுக்குள் ஊடுருவுகிறது. அங்கே உலோகம் இருப்பின், அவ்வுலோகத்தில் சிறுசிறு சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். அவை தமக்கெனத் தனியொரு காந்தப் புலத்தை எழுப்பும். அதனை மற்றொரு சுருள் உணர்ந்துகொள்ள, கருவி அவ்வுணர்வை ஒலியாக மாற்றிக் காதுக்கு அளிக்கிறது. குன்றின்முன் நின்று கூவியவன் தன் குரலின் எதிரொலியைக் கேட்பதை ஒத்தது இது.

ஆயினும் இவ்வெதிரொலி தெளிவாக எப்போதும் கிட்டுவதில்லை. மண்ணிலுள்ள இரும்புத் தாதுவும் உப்பு நீரும் பொய்யொலி எழுப்பும். எனவே நிலத்தின் இயல்புக்கேற்பக் கருவியை முதலிற் சரிசெய்தல் வேண்டும். சிறு காசாயின் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையே புலப்படும். பொன் மோதிரமும் அலுமினியத் துண்டும் ஒரேவகை ஒலி தருதலும் உண்டு. தட்டை நிலத்துக்கு அணுக்கமாக, மட்டம் மாறாமல், மெல்ல வீசிச் செல்லவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முன்னைய வீச்சின் ஒரு பகுதியை மேவிச் செல்லுதல் வேண்டும். ஒலி கேட்ட இடத்தில் குறுக்காக ஒருமுறையும் நெடுக்காக ஒருமுறையும் வீசினால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியிற் பொருள் இருப்பது தெளிவாகும்.

தோல்வியும் வெற்றியும்

1881ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டார். அவர் உடலுள் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். ஆனால் முயற்சி வெற்றி பெறவில்லை. மெத்தையிலிருந்த எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பின என்பர். மருத்துவரோ வலப்பக்கத்தில் மட்டுமே தேட இசைந்தார்; குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பர்த் திங்களில் அதிபர் உயிர் துறந்தார். தேடும் இடம் பிழையாயின் கருவியாற் பயனில்லை என்பது அன்றே புலனாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டனில் புகலடைந்திருந்த போலந்துப் படையின் அதிகாரி யோசெப் கோசாட்ஸ்கி, புதைத்து வைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அறியும் கைக்கருவியை 1941இல் உருவாக்கினார். அவர் அதற்குக் காப்புரிமை பெறாது பிரிட்டிஷ் படைக்கு இலவசமாகவே வழங்கினார். 1942இல் எல் அலமைன் பாலைவனப் போரில் வீரர்களுக்கு வழி திறக்க இக்கருவி பெரிதும் உதவிற்று.

கால்க்ரீசேயின் சான்று

கருவியின் முழுப்பயனை விளக்கும் நிகழ்ச்சி ஜெர்மனியில் நிகழ்ந்தது. கி.பி. 9ஆம் ஆண்டில், வாருஸ் என்னும் தளபதியின் கீழிருந்த மூன்று ரோமப் பெரும்படைகளை ஆர்மினியுஸ் தலைமையில் ஜெர்மானியர் அடியோடு அழித்தனர். அப்போர்க்களம் எங்குளது என்பது பல நூற்றாண்டுகள் அறிஞரிடையே வழக்காக இருந்தது. கால்க்ரீசே என்னும் ஊர்ப்பக்கத்தில் உழவர்கள் கண்டெடுத்த ரோமக் காசுகளைச் சான்றாகக் கொண்டு, அதுவே போர்க்களம் என 1885இல் வரலாற்றறிஞர் மாம்சன் எழுதினார். பலர் அதனை ஏற்கவில்லை.

1987இல் டோனி கிளன் என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி, அவ்வட்டாரத் தொல்பொருளறிஞர் வொல்ப்காங் ஷ்லூட்டரின் அறிவுரை பெற்று, உலோகமறி கருவியுடன் அவ்விடத்தில் தேடினார். வெள்ளிக் காசுகள் நூற்றுக்கு மேற்பட்டுக் கிடைத்தன. அடுத்த ஆண்டில் அவர் கண்டவை கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டுகள் மூன்று. காசு வணிகன் தவறவிட்டதாகவும் இருக்கலாம். கவண் குண்டோ படைவீரனுக்கு உரியது. ஆகவே மூன்று ஈயத் துண்டுகள் நூறு வெள்ளிக் காசுகளினும் விலைமிக்க சான்றாயின. கிளன் தாம் கண்ட ஒவ்வொரு பொருளையும் இடங்குறித்து ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார் என்பது கருதத்தக்கது.

1989 முதல் முறையான அகழ்வு தொடர்ந்தது. கிடைத்த காசுகளுள் கி.பி. 9க்குப் பிற்பட்டது ஒன்றுமில்லை. வாருஸின் பெயர் முத்திரையிட்ட செப்புக் காசுகளும் இருந்தன. மனித எலும்புகளும் விலங்கெலும்புகளும் கலந்து நிறைந்த குழிகள் வெளிப்பட்டன. அவ்வெலும்புகள் சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்து, பின்னரே புதைக்கப்பட்டவை. ஆறாண்டு கழித்து வந்த ரோமப் படை, மாண்டோரின் எலும்புகளைத் திரட்டிப் புதைத்ததாகத் தாசிட்டஸ் எழுதிய செய்தியோடு இஃது இயைகின்றது. இது பிற்பட்ட வேறொரு போரின் களம் என்று வாதிடுவோரும் உளர். எனினும் அவ்வாதமும் பொருள்கள் கிடந்த இடத்தையும் நிலையையும் கொண்டே நடைபெறுகிறது.

இடமே சான்று

ஈண்டு உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒரு ரோமக் காசைக் கடையிலும் வாங்கலாம். அது யாது சொல்லும்? அச்சடித்த அரசனின் பெயரை மட்டுமே சொல்லும். அதே காசு எந்த மேட்டில், எவ்வளவு ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்பது தெரிந்தால், மாண்ட வீரன் எத்திசையில் ஓடினான் என்பதையும் சொல்லக்கூடும். பொருளை எத்தனை முறையும் கையிலெடுத்துப் பார்க்கலாம். கிடந்த நிலையையோ ஒருமுறைதான் காணமுடியும். தோண்டி எடுத்தபின் அதனை மீண்டும் அமைத்தல் எவராலும் இயலாது. இடங்குறியாது தோண்டுவோன் திருடனாக இல்லாவிடினும், நூலின் தாளைக் கிழித்துப் பக்க எண்ணை எறிந்தவன் ஆகிறான்.

இதனை மாணவர்க்கு உணர்த்தக் கருவி வேண்டுவதில்லை. பள்ளி முற்றத்தின் இரு மூலைகளில், பந்தாடியவர் சிதறவிட்டவை போலவும், உணவருந்தியவர் விட்டுச்சென்றவை போலவும் ஒரேவகைப் பொருள்களைப் பரப்பி வைக்கலாம். முதல் மூலையிற் கிடப்பவற்றை ஒரு குழு பொறுக்கி மேசைமேல் குவிக்கட்டும். மற்றொரு குழு, கட்டம் வரைந்த தாளில் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தபின் எடுக்கட்டும். பின்னர் அவ்விடத்தில் என்ன நிகழ்ந்தது என்று இரு குழுவினரையும் வினவுக. முதற்குழு பொருள்களின் பெயரைச் சொல்லும். இரண்டாம் குழு நிகழ்ச்சியைச் சொல்லும். வரலாறு எது என்பது அப்போது மாணவர்க்குத் தானே விளங்கும்.