வம்பலரும் இரவு நகரமும்: கிளாம்பாக்கம் – முடிச்சூர்ப் பகுதியை முன்வைத்துப் பயணியரை ஏய்த்தல் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புதிய ஊருக்கு வரும் பயணியர் இரவில் ஏய்க்கப்படுவதற்கு அவர்தம் அறியாமையே காரணம் என்பது பொதுக்கருத்து. அக்கருத்துப் போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நம்பத்தக்க விலையளவு, சாட்சி, முறையிடுவதற்கான காலம் ஆகிய மூன்றும் ஒருசேர இல்லாத இடத்திலேயே ஏய்ப்பு நிலைபெறுகிறது. பழந்தமிழ் இலக்கியம் காட்டும் வம்பலர் நிலையும், தென்சென்னைப் புறநகரின் இன்றைய இரவுப் போக்குவரத்தும் இக்கருத்தை விளக்கச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: வம்பலர், இரவு நகரம், மிகைக்கட்டணம், கிளாம்பாக்கம், முடிச்சூர், வெள்ளிடை மன்றம்.

முன்னுரை

பயணியரை ஏய்க்கும் குற்றங்கள் பற்றிய உரையாடல் பெரும்பாலும் உலகின் பெயர்பெற்ற கேளிக்கைப் பகுதிகளையே சுற்றி வருகிறது. புடாபெஸ்டு நகரில் அறிமுகமற்ற பெண்கள் பயணியை மதுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று, அளவுமீறிய தொகைக்குச் சீட்டு நீட்டச் செய்வதும், புதுதில்லி இரயில் நிலையத்தை ஒட்டிப் போலிச் சுற்றுலா அலுவலகங்கள் இயங்குவதும் பலரும் அறிந்தவை. தென்சென்னைப் புறநகரில் அத்தகைய கேளிக்கைத் தெரு இல்லை. டாஸ்மாக் மதுக்கடைகளே இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. ஆயினும் அங்கு ஓர் இரவு நகரம் உண்டு. அது கேளிக்கையால் அன்றிப் பயணத்தால் உருவானது. அங்கு நள்ளிரவில் வந்திறங்கும் மனிதர் எதிர்கொள்ளும் இடர், கேளிக்கைத் தெருவின் இடரோடு அமைப்பில் ஒத்தது. அவ்வமைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வம்பலர்: சொல்லும் நிலையும்

சங்க இலக்கியம் வழிச்செல்லும் புதியோரை வம்பலர் என்று குறிக்கிறது. வம்பு என்னும் உரிச்சொல்லுக்கு நிலையின்மை என்று பொருள் கூறுகிறது தொல்காப்பிய உரியியல். எனவே வம்பலர் என்போர் ஊருக்குப் புதியவர் மட்டுமல்லர். ஓரிடத்தில் நிலைகொள்ளாதவரும் ஆவர். அவர் நாளை அங்கு இருக்கமாட்டார் என்பதே அவரைப் பற்றிய முதன்மைச் செய்தி. பாலைத்திணைப் பாடல்களில் ஆறலைகள்வர் வம்பலரைத் தாக்குவது இந்நிலையை அறிந்தே. கொல்லப்பட்டவரைத் தேடி வருவோர் அருகில் எவருமில்லை.

பாலையில் வன்முறையாக நிகழ்வது, நகரத்தில் சொல்லாக நிகழ்கிறது. சிலப்பதிகாரக் கொலைக்களக்காதையில் கோவலன் மதுரைக்குப் புதியவன். சிலம்பின் விலையை மதிப்பிட அவன் நாடிய பொற்கொல்லனே அவனைக் கள்வன் என்று மன்னனிடம் உரைக்கிறான். கோவலனின் தோற்றம் கண்டு காவலர் ஐயுறும்போது, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் கள்வர்க்குத் துணையாக எடுத்துரைத்து அவர்களின் ஐயத்தைப் போக்க முயல்கிறான். களவின் இலக்கணம் உண்மைக் கள்வனின் வாயிலேயே வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. கோவலன் அறிவற்றவன் அல்லன்; வணிகக் குடியில் பிறந்தவன். ஆயினும் பொருளின் விலையை அவனுக்குக் கூற வேறொருவர் இல்லை. அவனை அறிந்து சான்று பகர்வாரும் மன்னன் அவையில் இல்லை. தன் பக்கத்தை உரைக்கக் காலமும் தரப்படவில்லை. இம்மூன்று இன்மைகளே அவனை வீழ்த்துகின்றன.

இரவும் ஏய்ப்பும்

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, கூடல் நகரின் இரவை யாமந்தோறும் விரித்துரைக்கிறது. நாளங்காடி ஓய்ந்தபின் அல்லங்காடி தொடங்குகிறது. சேய்மையிலிருந்தும் அண்மையிலிருந்தும் வரும் செல்வ இளைஞரின் வளம் குறையும்வண்ணம் பொருளைக் கவரும் பரத்தையர் அவ்விரவில் இடம்பெறுகின்றனர். பின்னர் நூலேணியும் உளியும் கொண்டு திரியும் கள்வரும், அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரும் வருகின்றனர். ஏய்ப்பும் திருட்டும் இரவின் வெவ்வேறு பொழுதுகளில் வைக்கப்படுகின்றன. காவலர் தேடுவது திருடரையே. ஏய்ப்போரைக் காவல் தொடுவதில்லை. ஏய்ப்பு வணிகத்தின் தோற்றத்தில் நிகழ்வதே இதற்குக் காரணம் எனலாம்.

பிற்காலத்தில் விறலிவிடு தூது என்னும் சிற்றிலக்கிய வகை இதே பொருளைக் கதைக்கருவாக்கிற்று. 18ஆம் நூற்றாண்டினரான சுப்ரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஊர் கடந்து சென்ற தலைவன் பொருளனைத்தையும் தாசியிடம் இழந்து மீள்வது இவ்வகைநூல்களின் பொதுவமைப்பு. இழந்தவன் முறையிடுவதில்லை; நாணி ஒதுங்குகிறான். நாணம் ஏய்ப்போர்க்கு அரணாவதை இவ்விலக்கிய வகை வெளிப்படுத்துகிறது.

கிளாம்பாக்கம் – முடிச்சூர்: இடமும் காலமும்

முடிச்சூர், தாம்பரத்திற்கு மேற்கே பெருங்களத்தூரை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தால் பரவலாக அறியப்பட்ட இவ்வூரின் அருகே வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை செல்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2002 முதல் கோயம்பேட்டில் முடிந்துவந்த தென்மாவட்டப் பயணங்கள் இதன்பின் நகரின் தெற்கு விளிம்பிலேயே முடியலாயின. ஆம்னி பேருந்துகளுக்கான நிறுத்துமிடம் முடிச்சூரை அடுத்த வரதராஜபுரத்தில் 2024இல் திறக்கப்பட்டது. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்கிவருகிறது.

முனையம் திறக்கப்பட்டபோது அதனை ஒட்டிப் புறநகர் இரயில் நிலையமோ மெட்ரோவோ இல்லை. தாம்பரத்திலிருந்து செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிகள் நள்ளிரவை ஒட்டி நின்று, விடியற்காலை 4 மணியளவில் மீண்டும் தொடங்குகின்றன. இவ்விடைவெளியில் வந்திறங்குவோர்க்கு மாநகரப் பேருந்தும் ஆட்டோவும் வாடகைக் காருமே வழி. மிகைக்கட்டணம் குறித்த முறையீடுகள் முனையம் திறந்த தொடக்க மாதங்களிலேயே நாளிதழ்களில் வெளிவந்தன.

குற்றவியலில் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாடு இங்குப் பொருந்துகிறது. முனைப்புள்ள குற்றவாளி, ஏற்ற இலக்கு, தகுந்த காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரு காலத்தில் கூடும்போது குற்றம் நிகழும் என்பது அக்கோட்பாடு. மூட்டையும் குழந்தையுமாக, உறக்கம் கலையாத நிலையில், கைப்பேசியில் மின்னூட்டம் குறைந்து நிற்கும் பயணி ஏற்ற இலக்காகிறார். மருத்துவமனைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் விமான நிலையத்திற்கும் செல்வோர்க்கு விடியும்வரை காத்திருக்கும் உரிமையும் இல்லை.

விலையறிவும் விலையளவும்

ஆட்டோக் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 67ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2013இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.25, அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.12, இரவு 11 முதல் காலை 5 மணி வரை 50 விழுக்காடு கூடுதல். 10 கி.மீ. பயணத்திற்குப் பகலில் ரூ.123.40, இரவில் ரூ.185.10 என்று இதனைக் கணக்கிடலாம்.

இக்கட்டணம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாற்றப்படவில்லை. எரிபொருள் விலையும் வாகனச் செலவும் உயர்ந்த நிலையில் மீட்டர் பெரிதும் வழக்கொழிந்தது. இதன் விளைவு நுட்பமானது. செலவைக் கணக்கிட்டு ரூ.250 கேட்கும் ஓட்டுநரும், பயணியின் தவிப்பைக் கணக்கிட்டு ரூ.800 கேட்கும் ஓட்டுநரும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர், இருவரும் விதிமீறியோரே. நேர்மையானவரையும் ஏய்ப்பவரையும் பிரித்துக் காட்டவேண்டிய அளவுகோல் அத்திறனை இழந்துவிடுகிறது. ஆட்டோ ஓட்டுநர் அனைவரையும் ஏமாற்றுவோராகக் காணும் பொதுப்பார்வைக்கும் இந்நிலையே இடமளிக்கிறது.

ஏதென்ஸ் நகரில் 348 டாக்சிப் பயணங்களைக் கொண்டு லூகாஸ் பலஃபூட்டாஸும் உடனாய்வாளர்களும் நிகழ்த்திய கள ஆய்வு 2013இல் வெளியாயிற்று. நகரை அறியாதவராகத் தோன்றிய பயணியர், கிரேக்கராயினும் அயல்நாட்டவராயினும், சுற்றுவழியில் அழைத்துச் செல்லப்பட்டனர். கட்டண முறையையும் அறியாதவராகக் கருதப்பட்ட அயல்நாட்டவரிடம் தவறான கட்டணமும் பொய்யான கூடுதல் தொகையும் மிகுதியாகப் பெறப்பட்டன. தாய்மொழி பகிர்ந்தும் வழியறியாதார் தப்பவில்லை என்பது தமிழ்ச் சூழலுக்கு முக்கியமானது. திருநெல்வேலியிலிருந்தோ தேனியிலிருந்தோ வருபவர் சென்னையில் மொழியால் உள்ளூரார்; வழியறிவால் வம்பலர். இன்றோ சுற்றுலா அமைச்சகத்தின் 1363 உதவி எண் 2016இல் இந்தி, ஆங்கிலத்தோடு பத்து அயல்மொழிகளில் தொடங்கப்பட்டது; தமிழ் அவற்றில் இல்லை.

சட்டத்தின் எல்லைகள்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா பயணியருக்கு எதிரான செயல்களைப் பல பிரிவுகளில் வைக்கிறது. கைப்பேசியையோ சங்கிலியையோ திடீரெனப் பறித்தல் 304ஆம் பிரிவில் தனிக்குற்றமாயிற்று. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்குத் தனிப்பிரிவு இருந்ததில்லை. அச்சுறுத்திப் பணம் பெறுதல் 308ஆம் பிரிவில் அடங்கும். ஏமாற்றுதல் 318ஆம் பிரிவுக்குரியது.

அதிக விலை கூறுவது மட்டுமே 318ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் ஆகிவிடாது; பொய்யான கூற்றால் ஒருவரைத் தூண்டிப் பொருளைக் கொடுக்கச் செய்திருக்க வேண்டும். பேருந்து இருக்கையில் இனிமேல் பேருந்து இல்லை என்று கூறி வண்டியில் ஏற்றுவது அத்தன்மையது. ஆனால் அக்கூற்றை மெய்ப்பிக்கச் சாட்சி வேண்டும். பயணியோ விடிவதற்குள் வேறூர் சென்றுவிடுகிறார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, எல்லை கருதாது எக்காவல் நிலையத்திலும், மின்னணு வழியாகவும் தகவல் அளிக்க இடம் தருகிறது. மின்னணு வழியளித்தோர் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடல் வேண்டும். 530ஆம் பிரிவு விசாரணையை மின்னணு முறையில் நடத்த இசைகிறது. நிலையற்றவரின் குரலுக்குச் சட்டம் வழி திறந்துள்ளது. எனினும் சில நூறு ரூபாய் இழப்புக்காக அவ்வழியில் நடப்போர் அரியர். ஒவ்வொருவர் இழப்பும் சிறிது. ஈட்டுவோர்க்கு நாள்தோறும் புதிய பயணியர் உளர். இச்சமனின்மையே இத்தொழிலின் முதல்.

வெள்ளிடை மன்றம் தரும் கருத்து

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றாக வெள்ளிடை மன்றத்தைக் கூறுகிறது. வம்ப மாக்களின் பண்டப்பொதிகள் பெயரும் எண்ணும் நிறையும் பொறிக்கப்பெற்று அங்குக் காவலின்றிக் கிடக்கின்றன. கவர்ந்தவனை அப்பொதியைச் சுமந்தே வருந்தச் செய்வது மன்றத்தின் இயல்பு. இது காப்பியப் புனைவு. வரலாற்று நிறுவனமென்று கொள்ளல் தகாது. ஆயினும் அதிலுள்ள சிந்தனை தெளிவானது. புதியவரின் பாதுகாப்பு அவருடைய விழிப்பில் வைக்கப்படவில்லை. பொருளின்மேல் எழுதப்பட்ட அளவிலும், அவ்வெழுத்தை ஏற்கும் ஊரின் பொறுப்பிலும் வைக்கப்பட்டுள்ளது.

முன்பணச் சீட்டு முறை இதே சிந்தனையின் இன்றைய வடிவம் எனலாம். செல்லுமிடம், தொகை, வண்டி எண் ஆகியவை பயணம் தொடங்குமுன் ஒரு தாளில் பதிவாகின்றன. அத்தாள் விலையளவாகவும் சாட்சியாகவும் அமைகிறது. பயணி ஊர் நீங்கியபின்னும் அது எஞ்சுவதால் காலக்குறையையும் ஈடுசெய்கிறது. ஆனால் சீட்டில் எழுதப்படும் தொகை ஓட்டுநர்க்குக் கட்டுப்படியாகாவிடில், சாவடிக்கு வெளியே மற்றொரு சந்தை இயங்கும். ஆதலால் கட்டணத் திருத்தம் ஓட்டுநர் நலன் சார்ந்த கோரிக்கை மட்டுமன்று. பயணியர் பாதுகாப்பின் முன்நிபந்தனையும் ஆகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பயணியரை ஏய்த்தல் கேளிக்கைப் பகுதிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதும், வம்பலர் மிகுந்து இறங்கும் எவ்விடத்தும் அது தோன்றக்கூடும் என்பதும் பெறப்படுகின்றன. விழிப்போடிருங்கள் என்னும் அறிவிப்புப் பலகை, மதுரையில் கோவலனுக்கும் பயன்பட்டிராது. அவனுக்கு வேண்டியிருந்தவை சிலம்புக்கு மற்றொரு மதிப்பீடும், ஒரு சாட்சியும், சிறிது காலமுமே. கிளாம்பாக்கத்தில் நள்ளிரவில் இறங்கி முடிச்சூருக்கோ மாமல்லபுரத்திற்கோ வழி கேட்கும் ஒருவருக்கு வேண்டியவையும் அவையே. நடைமுறைக்கு இசைந்த கட்டணம், எழுத்தில் பதிவாகும் பயணம், தமிழிலும் பேசும் உதவி எண், சிறுதொகை முறையீட்டுக்கு எளிய வழி ஆகியவை அமையுமாயின் புதியவரின் அறியாமை பிறர்க்கு வருவாயாவது குறையும்.